மஞ்சள் தவளையும் கொல்லை மண்ணும்

ஊர்ப் பெயரைச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். “காலியா? காலியா கிடக்கிற ஊருக்கு எதுக்கும்மா இவ்வளவு தூரம் போறே?”

காலி, கொலம்பியாவின் பெரிய நகரங்களில் ஒன்று. 2024 அக்டோபர் 21 முதல் அங்கே ஐ.நா.வின் பல்லுயிர் மாநாடு நடந்தது. வானொலிக்குச் சில ஒலித்துண்டுகள் தயாரித்துத் தருவதாக ஒப்புக்கொண்டு நானும் போயிருந்தேன். கோலாலம்பூரிலிருந்து இஸ்தான்புல், அங்கிருந்து தலைநகர் பொகோட்டா, பிறகு காலி. விமானம் தாழ்ந்தபோது சன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டியவரை கரும்பு. இவ்வளவு தூரம் பறந்து வந்தும் தோட்டத்தை விட்டு வெளியேறாத மாதிரி இருந்தது.

தெருவில் இறங்கினால் இன்னொரு தோட்டத்து ஞாபகம். நடைபாதையோரம் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் பெரிய அலுமினியச் சட்டிகளில் செந்நிறப் பழங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். சோந்தாதூரோ என்று பெயர். அதுவும் ஒரு வகைப் பனையின் பழம்தான்; குலை குலையாகக் காய்ப்பது. வேகவைத்துத் தோலைச் சீவி, உப்பும் தேனும் போட்டுத் தருகிறார்கள். செம்பனைக் குலைகளை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எனக்கு, பனம்பழத்தைத் தேன் ஊற்றிச் சாப்பிடுவது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பட்டது. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் பூசணிக்கும் நடுவில் ஒரு சுவை. மூன்று நாளும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மாநாட்டைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. கழுத்தில் அட்டை தொங்க அரங்கு அரங்காக ஓடியதில் எனக்கு மிஞ்சியது கால்வலிதான். நான் சொல்ல வந்தது ஒரு தவளையைப் பற்றி. அந்தத் தவளையைப் பார்த்த மறுநாள் காலை அப்பாவோடு பேசிய பேச்சைப் பற்றியும்.

*

காலி ஆற்றின் கரையிலேயே அந்த ஊரின் விலங்கியல் பூங்கா இருக்கிறது. ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே நடக்கலாம். ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆங்கிலம் பேசும் ஒரு கல்லூரி மாணவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தவளைகள் இருக்கும் பகுதிக்குப் போனேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பாசி, அகன்ற இலைகள், மெல்லிய நீர்ப்புகை. நடுவே ஓர் இலையின் மேல் ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் மஞ்சளாக ஒன்று. கோயில் மஞ்சள் இல்லை, எலுமிச்சை மஞ்சளும் இல்லை. சாலையில் சாயம் காயாத கோடு இருக்குமே, அந்த மஞ்சள். நம்மூர்த் தவளை ஆளைக் கண்டால் குதித்து ஓடும். இது நகரவே இல்லை. கண்ணாடிக்கு முகம் வைத்துப் பார்க்கிற என்னை, கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி பார்ப்பது போலப் பார்த்தது.

தங்க நச்சுத் தவளை. அறிவியல் பெயர் ஃபில்லோபேட்டீஸ் டெரிபிலிஸ். பெயரிலேயே ‘பயங்கரம்’ இருக்கிறது. சார்ல்ஸ் மயர்ஸ், ஜான் டேலி, போரிஸ் மல்கின் என்ற மூவர் 1978-இல் இதை உலகுக்கு விவரித்து எழுதியபோது வைத்த பெயர். காட்டில் பிடித்த ஒரு தவளையின் தோலில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் நஞ்சு இருக்கும். பத்துப் பேரைக் கொல்ல அது போதும் என்பது கணக்கு. கொலம்பியாவின் பசிபிக் கரைக் காடுகளில் வாழும் எம்பெரா மக்கள் இந்தத் தவளையின் முதுகில் ஊதுகுழல் அம்பின் முனையைத் தேய்த்து எடுத்து வேட்டைக்குப் போவார்கள். தவளையைக் கொல்ல வேண்டியதில்லை. தேய்த்துவிட்டு விட்டுவிடலாம். அம்பு முனையில் அந்த நஞ்சு ஓராண்டுக்கு மேலும் வீரியம் குறையாமல் இருக்குமாம்.

நஞ்சு என்ன செய்கிறது? நரம்பிலும் இதயத் தசையிலும் சோடியம் உள்ளே போகச் சின்னஞ்சிறு வாசல்கள் உண்டு. அவை திறந்து மூடுவதால்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது, இதயம் துடிக்கிறது. தவளையின் நஞ்சு அந்த வாசலை மூடவிடாமல் திறந்தே பிடித்துக்கொள்ளும். அப்புறம் செய்தியும் இல்லை, துடிப்பும் இல்லை.

நான் ஒலிவாங்கியைக் கண்ணாடியின் மேல் துவாரத்துக்கு அருகில் கொண்டுபோனபோது கை கொஞ்சம் நடுங்கியது உண்மை. பூங்காப் பணியாளர் அதைக் கவனித்துவிட்டார். ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார். மாணவி மொழிபெயர்த்தாள்.

“பயப்பட வேண்டாம். இது இங்கேயே பிறந்தது. இதற்கு விஷம் இல்லை.”

எனக்கு உண்மையிலேயே ஏமாற்றமாக இருந்தது. கண்ணாடிப் பெட்டி, மஞ்சள் எச்சரிக்கைப் பலகை, பயங்கரம் என்ற பெயர், எல்லாம் இருந்தும் சரக்கு இல்லையா?

அவர் விளக்கினார். இந்தத் தவளை நஞ்சைத் தானே உண்டாக்குவதில்லை. காட்டில் அது தின்னும் சிறு பூச்சிகளிலிருந்து சேர்த்துக்கொள்கிறது. காட்டில் பிடித்துக் கொண்டுவந்த தவளை பல ஆண்டுகள் நஞ்சை வைத்திருக்கும். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் பழ ஈயும் சில்வண்டும் தின்று வளரும் அதன் பிள்ளைகளுக்கு ஒரு துளியும் இருக்காது. எந்தப் பூச்சி அந்த நஞ்சைக் கொடுக்கிறது என்று கொலம்பியக் காட்டில் இன்னும் யாரும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே வகை நஞ்சு பசிபிக் கடலுக்கு அப்பால் நியூ கினித் தீவின் பிட்டோஹூய் என்ற பறவையின் இறகில் 1992-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே அந்த நஞ்சு ஒரு சிறு வண்டில் இருப்பதை 2004-இல் காட்டிவிட்டார்கள். இங்கே தவளையின் சமையல்காரர் யார் என்பது மட்டும் இன்னும் காட்டின் ரகசியம்.

அந்தக் காடு பெரிய காடு இல்லை. காவ்கா மாநிலத்தின் கடற்கரைப் பக்கம், திம்பிக்கி, சைஹா ஆற்றுப் பகுதி. உலகத்தில் இந்தத் தவளை இயல்பாக வாழும் இடம் அவ்வளவுதான். சாலை கிடையாது, படகில் அல்லது சிறிய விமானத்தில் போக வேண்டும். காட்டை வெட்டுகிறார்கள், சட்டவிரோதமாகத் தங்கம் எடுக்கிறார்கள், கோகா செடி பயிரிடுகிறார்கள் (சாக்லேட்டுக்கான கொக்கோ இல்லை, இது வேறு), ஆயுதக் குழுக்களும் நடமாடுகின்றன. போக முடியுமா என்று மாணவியிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்த பார்வையே பதில். அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இந்தத் தவளை இருக்கிறது. இதன் உறவினர்களைக் கடத்துகிறவர்களும் உண்டு. நான் போன அதே ஆண்டு சனவரியில் பொகோட்டா விமான நிலையத்தில் ஒரு பயணியிடம் 130 நச்சுத் தவளைகள் பிடிபட்டன. பழைய கேமரா ஃபிலிம் சுருள் வைக்கும் டப்பாக்களுக்குள் அடைத்து வைத்திருந்தார்.

ஆக, காடு போய்விட்டால் என்ன மிஞ்சும்? கண்ணாடிப் பெட்டியில் மஞ்சள் நிறம் மிஞ்சும். நஞ்சு அந்த இடத்தினுடையது. தவளை அதைச் சுமக்கும் பாத்திரம்.

ஆண் தவளை சில நொடிகள் நீளமாக, ஒரே சீராக ‘ட்ர்ர்ர்’ என்று கத்தும். நல்லவேளை, அன்று கத்தியது. பதிவு செய்துகொண்டேன். இரவு விடுதியில் போட்டுக் கேட்டபோது தவளைக் குரலுக்குப் பின்னால் நீர்ப்புகை இயந்திரத்தின் ‘ம்ம்ம்’ சத்தம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு முயன்றும் பிரிக்க முடியவில்லை.

*

காலிக்கும் கெடாவுக்கும் 13 மணி நேர வித்தியாசம். மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பாவை அழைத்தேன். அங்கே இரவு எட்டு. அப்பா பேசுவதற்கு முன்பே தவளைகள் பேசின. எங்கள் வீட்டுக் கொல்லைத் தவளைகள். இயந்திரச் சத்தம் இல்லாத சுத்தமான ஒலி. இதைப் பதிவு செய்ய நான் எதற்கு உலகத்தின் மறுபக்கம் வந்தேன் என்று ஒரு கணம் தோன்றியது.

“நல்ல மழையாப்பா?”

“மூணு நாளா ஊத்துது. கொல்லையில தண்ணி நின்னு போச்சு. சாயங்காலம்தான் மண்வெட்டி எடுத்து காவாய வெட்டி விட்டேன்.”

“கால்ல என்ன போட்டிருந்தீங்க?”

“சிலிப்பர் அறுந்து போச்சும்மா. சேத்துக்குள்ள எதுக்கு சிலிப்பரு? ஆமா, நீ ஏதோ விஷத் தவளைய பாக்கப் போறேன்னியே, கிட்ட போகாத. கண்ணாடி இருந்தாலும் தள்ளி நின்னு பாரு.”

விடுதிக் கட்டிலில் உட்கார்ந்தபடி எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. விஷமில்லாத தவளையிடம் என்னைத் தள்ளி நிற்கச் சொல்கிற என் அப்பாவுக்கு வயது 68. பதினைந்து வருடமாக இனிப்பு நீர். குதிகாலில் வெடிப்பு. வெறுங்காலோடு மழைச் சேற்றில் நின்று காவாய் வெட்டியிருக்கிறார். அதே கெடா மண்ணில்தான் அவருடைய அண்ணன், என் பெரியப்பா, போய்ச் சேர்ந்தார்.

*

பெரியப்பா குரூன் பக்கம் இருந்தார். பால்வெட்டுத் தொழிலாளி. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு வெளியே வந்து, வயலோரக் காவாய்க் கரையில் கொஞ்சம் இடம் பிடித்து வெண்டி, கங்கோங் கீரை, மரவள்ளி போட்டிருந்தார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் குனோங் ஜெராய் மலை முழுசாகத் தெரியும். மழை வருமுன் மலை உச்சி மறையும்; பெரியப்பா அதைப் பார்த்துத்தான் உரம் போடுவார். அவருக்கும் இனிப்பு நீர். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

2013-இல் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு மூன்று வாரம். கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். இருமல் சேர்ந்தது, ஆள் மெலிந்தார். எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஏதோ தெரிந்தது. காசநோய் என்று மருந்து ஆரம்பித்தார்கள். குறையவில்லை. ஒரு நாள் மூச்சு வாங்க ஆரம்பித்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காவாயில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டார் என்றார் ஒரு சித்தி. ஏதோ விஷப்பூச்சி தீண்டியிருக்கும் என்றார் இன்னொருவர்.

காரியமெல்லாம் முடிந்து, பத்திரங்கள் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணனிடம்தான் ஒரு இளம் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அந்தப் பெயரைக் கார் நிறுத்தக் கட்டணச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வந்தான், எழுத்துப் பிழைகளோடு. மெலியோய்டோசிஸ். எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் கேட்டிராத சொல். பெயரிலேயே ‘மெலி’ இருக்கிறதே, அதனால்தான் பெரியப்பா அப்படி மெலிந்தாரோ என்று நான் அசட்டுத்தனமாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

பெரியப்பா இறந்தபோது எனக்குத் தேட நேரமில்லை, அல்லது மனமில்லை. பதினோரு வருடம் கழித்து, காலியில் ஒரு விடுதி அறையில், அப்பா பேசி முடித்த பிறகுதான் உட்கார்ந்து தேடினேன். ஊர் திரும்பியதும் நுண்ணுயிரியல் படித்த ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கிப் போய்ப் பேசினேன். நிகழ்ச்சிக்கு என்று சொல்லித்தான் போனேன். பாதி என் சொந்தக் காரியம்.

*

நோய்க்குக் காரணம் ஒரு மண் பாக்டீரியா. பர்க்ஹோல்டேரியா சூடோமாலெய். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும். மண்ணில் அதைத் தேடுகிறவர்கள் வழக்கமாக 30 சென்டிமீட்டர் ஆழத்தில் தோண்டி மண் எடுக்கிறார்கள். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது அதுவும் மேலே வருகிறது. காலில் சின்னக் கீறல் போதும். குடிக்கும் நீர் வழியாகவும் வரும். புயல் மழையில் காற்றோடு மூச்சிலும் போகும்.

மருத்துவர் கணினியில் ஒரு படத்தைக் காட்டினார். நுண்ணோக்கியில் சாயம் ஏற்றிப் பார்த்தால் இரண்டு முனையும் கறுத்து, நடு வெளுத்து, ஊக்கு மாதிரி இருக்கிறது. புடவைக்குக் குத்தும் அதே ஊக்கு. தட்டில் வளர்த்தால் சில நாளில் சுருக்கம் விழுந்த ஊதாப் பூ போல விரிகிறது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சாயமும் தட்டும் இல்லாவிட்டால் அதற்கு நிறமே கிடையாது.

இந்தக் கிருமியின் சரித்திரம் முழுக்க நம்ம வட்டாரம்தான். 1911-இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி.எஸ்.கிருஷ்ணசாமியும் முதன்முதலில் அடையாளம் கண்டார்கள். நோய்க்கு ‘விட்மோர் நோய்’ என்று இன்னொரு பெயர் வந்தது. கிருஷ்ணசாமி, பெயரைப் பார்த்தால் நம்ம பக்கத்து ஆள், ஆய்வுக் கட்டுரையோடு நின்றுவிட்டார். 1913-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் சோதனைக்கு வளர்த்த முயல்களும் கினிப் பன்றிகளும் திடீரென்று செத்தன. காரணம் இதே கிருமி. அந்தக் கழகத்தின் ஸ்டேன்டன், ஃப்ளெட்சர் இருவரும்தான் 1921-இல் மெலியோய்டோசிஸ் என்ற பெயரை வைத்தார்கள். சாலான் பகாங் வழியாக எத்தனையோ தடவை வேலைக்குப் போயிருக்கிறேன். பெரியப்பாவின் நோய்க்குப் பெயர் வைத்த கழகம் அந்தச் சாலையில்தான் இருந்தது என்று தெரியாமலே.

பெயர் வைத்து நூறு வருடம் ஆகியும் நமக்குப் பெயர் தெரியாததற்குக் காரணம், இது தன் முகத்தைக் காட்டாது. நுரையீரலில் வந்தால் காசநோய் போல, கல்லீரலில் வந்தால் வேறு கட்டி போல, ரத்தத்தில் கலந்தால் சாதாரணக் காய்ச்சல் போல. உடலின் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும். சிலருக்கு ஒரு சில நாளில் நோய் வரும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் சப்பானியரிடம் போர்க் கைதியாக இருந்த ஓர் அமெரிக்கருக்கு 62 ஆண்டுகள் கழித்து இந்த நோய் வந்ததாக மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பென்சிலின் போன்ற பல சாதாரண மருந்துகளுக்கு மசியாது. சரியான மருந்து உண்டு. குறைந்தது பத்துப் பதினாலு நாள் ஊசி வழியாக, பிறகு மூன்று மாதம் மாத்திரை. முதலில் இதுதான் என்று யாருக்காவது தோன்ற வேண்டும், அவ்வளவுதான். ரத்தத்தை வளர்த்துப் பார்த்து முடிவு வரச் சில நாளாகும். பெரியப்பாவுக்கு அந்தச் சில நாள் இருக்கவில்லை.

தவளைக்கு இருப்பது போல இதற்கும் நஞ்சு இருக்கிறதா என்று கேட்டேன். நிறைய ஆயுதம் வைத்திருக்கிறது என்றார். 2011-இல் பிரிட்டனின் ஷெஃபீல்ட் ஆய்வாளர்களும் மலேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து இதன் நஞ்சுப் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது செல்லுக்குள் புரதம் செய்யும் வேலையையே நிறுத்திவிடுகிறது. தவளையின் நஞ்சு கதவைத் திறந்தே வைக்கிறது. இது அடுப்பை அணைக்கிறது. ஆனால் தவளையின் நஞ்சு யாரையும் தேடி வருவதில்லை. தன்னைத் தின்ன வருகிறவனைத் தடுக்க மட்டும். அதற்கும் முன்கூட்டியே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் அறிவித்துவிடுகிறது.

எண்ணிக்கைகளைக் கேட்டபோதுதான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வின் மதிப்பீட்டில் உலகெங்கும் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்த நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள். கெடாவிலேயே, அலோர் ஸ்டாரில், 2005 முதல் 2008 வரை 145 நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். பாதிக்கு மேல் இனிப்பு நீர்க்காரர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்துபோனார். இனிப்பு நீர்தான் இந்தக் கிருமிக்குத் திறந்த வாசல். இந்த நாட்டில் அது அதிகம் இருப்பது நம்மவர்களிடம். 2010-இல் பஹாங் லூபோக் யூவில் நீரில் மூழ்கிய ஓர் இளைஞரைத் தேடி இறங்கியவர்களில் சிலர், தேடி முடித்து வீட்டுக்குப் போன பிறகு இதே நோயால் இறந்தார்கள். சிங்கப்பூரில் இந்த நோயைக் கண்டால் அரசுக்கு அறிவிப்பது கட்டாயம். இங்கே நாடு முழுக்க அப்படி ஆக்க வேண்டும் என்று மருத்துவர்கள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள்.

தங்கத் தவளையைப் பற்றி நான் பேசிய பத்து நிமிட நிகழ்ச்சிக்கு அவ்வளவு பேர் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். மண் கிருமியைப் பற்றிப் பேசியதற்கு இரண்டு. அதில் ஒன்று, அடுத்து என்ன பாட்டு என்று கேட்டது. நேயர்களைக் குறை சொல்லவில்லை. நானும் பதினோரு வருடம் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்க்காதவள்தானே.

*

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம் பீடோங் போனேன். அப்பா வீடு ஒரு தாமானில் கடைசி வரிசை. பின்னால் கொல்லை, கொல்லைக்குப் பின்னால் சாக்கடைக் காவாய், அதற்கப்பால் யாருடையது என்று தெரியாத புதர். நான் போய்ச் சேர்ந்தபோது லேசாகத் தூறல் விழுந்து நின்றிருந்தது. காரை விட்டு இறங்கியதும் மண்வாசனை.

அந்த வாசனையும் ஒரு மண் பாக்டீரியாவின் வேலைதான் என்று அந்த மருத்துவர் சொல்லியிருந்தார். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற இனம். காசநோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினும் அந்த இனத்திலிருந்து 1943-இல் கிடைத்ததுதான். ஒரே மண்ணில் வாசனை, மருந்து, எமன் மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடு. இதில் ஒன்றை மட்டும் பிடித்து வெளியேற்ற முடியுமா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். மண்ணை மாற்ற முடியாதும்மா, காலை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

என் அம்மாச்சி உயிரோடு இருந்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாதுகாப்பு விதி ஒன்றே ஒன்று: பளபளன்னு இருந்தா தொடாதே. சிவப்புக் காளான், வரிப் பாம்பு, மினுங்குகிற கம்பளிப்புழு. காட்டோரத் தோட்டத்தில் எட்டுப் பிள்ளைகளை அவர் காப்பாற்றியது அந்த விதியால்தான். அந்த விதி எம்பெரா மக்களின் காட்டிலும் செல்லும். அப்பாவின் கொல்லையில்தான் செல்லாது.

வழியில் சுங்கைப் பட்டாணியில் இறங்கி ஒரு வன்பொருள் கடையில் ரப்பர் பூட்ஸ் கேட்டிருந்தேன். அப்பா அளவுக்குக் கறுப்பு தீர்ந்துவிட்டது. இருந்தது மஞ்சள் மட்டும். யோசித்துவிட்டு வாங்கிவிட்டேன். கூடவே ஒரு சோடி கையுறை.

அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். “என்னம்மா இது, புவா சூ காங் மாதிரி?” சிங்கப்பூர் தொலைக்காட்சியில் மஞ்சள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவாரே, அந்தக் குத்தகைக்காரர்; அப்பா அந்த நாடகத்தின் ரசிகர். “இத போட்டுக்கிட்டு வெளிய போனா பக்கத்து வீட்டு அகமாட் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். அவருக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுங்க.”

“வேர்க்கும்மா. காத்தே போகாது.”

பெரியப்பாவைப் பற்றி அதுவரை நாங்கள் இருவரும் நேராகப் பேசியதில்லை. அன்று பேசினேன். காசநோய் இல்லை, பயந்ததும் இல்லை, எதுவும் தீண்டவும் இல்லை, காவாய்க் கரை மண்ணில் இருந்த ஒன்று என்று சொன்னேன். கைப்பேசியில் அந்த ஊக்குப் படத்தைக் காட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதா?”

“இதுதான்.”

“இத்தினியூண்டா?”

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போனார். வாசற்படியில் உட்கார்ந்து குதிகாலைத் திருப்பி வெடிப்பைப் பார்த்தார். அண்ணன் கை வைத்தியத்துக்குத் தேங்காயெண்ணெயில் மெழுகு காய்ச்சித் தடவுவான் என்றார். அப்புறம், அண்ணனுக்கும் இப்படித்தான் வெடிச்சிருக்கும் என்றார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அப்பா கொல்லையில் இருந்தார். மஞ்சள் பூட்ஸ், மேலே கைலியைத் தூக்கிக் கட்டியிருந்தார், கையில் பாராங் கத்தி. வேலிக்கு அப்பால் அகமாட் அங்கிள் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

கோலாலம்பூர் திரும்பிய மூன்றாம் நாள் அண்ணன் ஒரு படம் அனுப்பினான். வேலிக் கம்பியில் இரண்டு பூட்ஸும் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. கீழே ஈர மண்ணில் ஐந்து விரலும் பதிந்த தடம். உடனே கூப்பிட்டுச் சண்டை போட்டேன். கழுவிக் காயப்போட்டிருந்தேன், ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்கும்மா என்றார்.

இப்போது நிகழ்ச்சி முடிந்ததும் தினமும் அழைக்கிறேன். முதலில் பசியாறியாச்சா என்று கேட்கிறேன். அடுத்து, கால்ல என்ன போட்டிருக்கீங்க என்று. சில நாள் உண்மையைச் சொல்கிறார்.